உங்களுக்குத் தெரியுமா? ஒரு குப்பி ரத்தத்தில் எவ்வளவு பசி?

◆ மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொரு வித்தியாதரப் பெண் வருகிறாள். முனிவர் ஒருவர் உண்ண வைத்திருந்த நாவல் கனியைக் காலால் மிதித்துவிட்ட குற்றத்துக்கு அவளுக்குப் பன்னிரண்டு ஆண்டு ‘யானைத்தீ’ சாபம். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி அது. கடைசியில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவால்தான் தணிந்தது. அந்த அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இன்றைய நயினாதீவுதான் என்பது பலர் கருத்து. ராமேஸ்வரத்திலிருந்து பாக் நீரிணையைக் கடந்தால் யாழ்ப்பாணத்தை ஒட்டி இருக்கிற அதே தீவு.

◆ யானைத்தீ வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ’ராஹிலி, சதஃப் ஃபரூக்கி குழுவினர் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய ஒரே குடும்பம். சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. பிறந்தபோது இருவரும் சாதாரண எடைதான். பிறகு ஓயாத பசி. ரத்தத்தைச் சோதித்தால் ‘லெப்டின்’ என்ற ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லை. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பிறகு அந்தச் சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். ஊசி தொடங்கியபோது 94 கிலோவைத் தாண்டியிருந்தவள் ஓராண்டில் 16 கிலோ இறங்கினாள். அதைவிட முக்கியம், மற்ற பிள்ளைகளைப் போல உட்கார்ந்து சாப்பிட்டு, போதும் என்று எழுந்திருக்கத் தொடங்கினாள்.

◆ லெப்டின் சுரப்பது நம் உடம்பின் கொழுப்பிலிருந்து. ‘கையிருப்பு இவ்வளவு’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. சாதாரண எடை உள்ளவரின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 7.5 நானோகிராம் இருந்ததாக 1996இல் வந்த பேர்பெற்ற ஆய்வு ஒன்று சொன்னது. நானோகிராம் என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. உடம்பில் ஓடும் மொத்த ரத்த நீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் இருபது சொச்சம் மைக்ரோகிராம்தான் தேறும். வாலிநோக்கம் உப்பளத்து உப்பைப் பொடியாக அரைத்து அதில் ஒரே ஒரு துகளை எடுத்தால் அதன் எடை ஏறக்குறைய 60 மைக்ரோகிராம். ஆக, அந்தத் துகளில் மூன்றில் ஒரு பங்குதான் நம்முடைய மொத்த லெப்டின். இதைக் குப்பியில் பிடித்து எடை போடுவது என்றால் சும்மாவா?

◆ லெப்டினைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு 45 ஆண்டு பிடித்தது. 1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் சில எலிகள் மட்டும் தாறுமாறாகக் கொழுத்திருப்பதைக் கவனித்தார்கள். பிறகு டக்ளஸ் கோல்மன் கொழுத்த எலியையும் சாதாரண எலியையும் இணைத்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றொன்றுக்குள் போகும்படி செய்தார். கொழுத்த எலி தின்பதைக் குறைத்துக்கொண்டது. அப்படியானால் பசியை அடக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது என்பது உறுதி. அது என்ன என்று தெரியாமலே கால் நூற்றாண்டு போயிற்று. 1994 டிசம்பரில்தான் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைப் பிடித்தது. ஃப்ரீட்மனும் கோல்மனும் 2010இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். தைக்கப்பட்ட எலிகளுக்கு விருது எதுவும் இல்லை.

◆ ‘அப்படியானால் குண்டானவர்களுக்கெல்லாம் லெப்டின் குறைவு, ஊசி போட்டால் இளைத்துவிடுவார்கள்’ என்று உலகமே நினைத்தது. மருந்துக் கம்பெனி ஒன்று 2 கோடி டாலர் கொடுத்து உரிமையை வாங்கியது. பிறகு அளந்து பார்த்தார்கள். மேலே சொன்ன 1996 ஆய்வில் குண்டானவர்களின் சராசரி 31 நானோகிராம். ஒல்லியானவர்களைப் போல நான்கு மடங்கு! கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடுகிறது. மூளைதான் கேட்க மறுக்கிறது. அளக்கத் தெரிந்ததால் ஒரு கனவு கலைந்தது. அதுவும் அறிவியலுக்கு லாபம்தான்.

◆ அதே எடை, அதே உயரம் உள்ள ஆணையும் பெண்ணையும் சோதித்தால் பெண்ணுக்கு லெப்டின் கூடுதலாக இருக்கும். ஆகவே வீட்டுக்காரர் ரிப்போர்ட்டையும் உங்கள் ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

◆ இத்தனை சின்ன அளவை எப்படிப் பிடிக்கிறார்கள்? வழி காட்டியவர்கள் நியூயார்க்கின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். 1950களின் இறுதியில் ரத்தத்தில் இன்சுலினை அளக்க ஒரு முறை கண்டார்கள். நம் உடம்பு கிருமியைப் பிடிக்க உண்டாக்குகிற எதிர்ப்புரதத்தையே ஹார்மோனைப் பிடிக்கும் கண்ணியாக்கினார்கள். கதிரியக்க அயோடினை அடையாளமாக ஒட்டினார்கள். அடிப்படைக் கண்டுபிடிப்பை எழுதி அனுப்பியபோது முதலில் பத்திரிகைகள் ஏற்கவில்லை. யாலோ அந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து 1977இல் நோபல் உரையிலேயே காட்டினார். பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டதால் அவருக்கு நோபல் இல்லை. இருவரும் அந்த முறைக்குக் காப்புரிமையும் வாங்கவில்லை.

◆ இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது ‘எலிசா’. 1971இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தது. கதிரியக்கம் வேண்டாம், நிறம் போதும் என்பது இதன் சிறப்பு. 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் லெப்டினைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் பூசியிருக்கும். நோயாளியின் சீரத்தைச் சில சொட்டு விட்டால் அதிலுள்ள லெப்டின் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவிக் கொட்டிவிடுவார்கள். பிறகு நொதி கட்டிய இன்னோர் எதிர்ப்புரதம் மேலே வந்து உட்காரும். மறுபடி கழுவல். கடைசியாக ஒரு திரவம் விட்டால் நீல நிறம் படரும். அமிலம் விட்டதும் மஞ்சளாக மாறும். எவ்வளவு அடர்ந்த மஞ்சளோ அவ்வளவு லெப்டின். கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை, கருவியில் ஒளி பாய்ச்சி அளப்பார்கள். அளவு தெரிந்த லெப்டினைத் தனிக் குழிகளில் விட்டு, அதோடு ஒப்பிட்டுத்தான் எண்ணை எழுதுவார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு குழி. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் திரும்பவும் முதலிலிருந்து. இந்த வேலையில் பாதி கழுவுவதுதான். சரியாகக் கழுவாத தட்டு எவ்வளவு விலை உயர்ந்த கிட்டையும் பொய் சொல்ல வைக்கும்.

◆ எதிர்ப்புரதம் தன் இரையைப் பிடிப்பதைக் கண்ணால் பார்க்கும் முறை ஒன்று 1940களிலேயே ஸ்வீடனில் வந்துவிட்டது. அகார் கூழில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் எதிர்ப்புரதம், மற்றதில் இரை. இரண்டும் ஊறி வந்து சந்திக்கிற இடத்தில் வெள்ளைக் கோடு விழும். அந்த அகார் கடற்பாசியிலிருந்து வருவது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் தலைமுறையாக மூழ்கி எடுக்கிறார்களே மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும், அவை இரண்டும் அகார் தரும் பாசிகள்தான். லேப் கோட் போட்டவர்களின் பெயர் மட்டும் புத்தகத்தில் ஏறுகிறது.

◆ முடி உதிராமல் இருக்க பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில ஹார்மோன் சோதனைகளில் பயோட்டினையே ஒட்டுப் பசையாகப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே அது நிறைந்திருந்தால் சில முறைகளில் முடிவு குறைவாகவும், சில முறைகளில் கூடுதலாகவும் வரும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. ரத்தம் கொடுக்கும் முன் மாத்திரை பற்றிச் சொல்லிவிடுவது நல்லது.

◆ மீனுக்கும் லெப்டின் உண்டு. முதன்முதலில் அது கிடைத்தது ஒரு பேத்தை மீன் வகையில், 2005, ஜப்பான். வலையில் வந்தால் நம்மவர்கள் கடலிலேயே வீசிவிடும் மீனின் இனம்! வேடிக்கை என்னவென்றால், நமக்குக் கொழுப்பில் சுரப்பது அதற்கு ஈரலில் சுரக்கிறது. இரண்டு லெப்டினின் மடிப்பு வடிவம் ஒத்திருந்தாலும் அமினோ அமில வரிசை பெரிதும் வேறு. அதனால் மனித லெப்டினைப் பிடிக்கச் செய்த கிட்டில் மீன் ரத்தத்தை விட்டுப் பயன் இல்லை. அதுவரை மீனில் லெப்டினைத் தேடிக் கிடைக்காமல் போனதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

◆ லெப்டின் ‘போதும்’ என்று சொல்கிற ஹார்மோன் என்றால் ‘கொண்டா’ என்று கேட்கிற ஹார்மோன் ‘கிரெலின்’. இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. 1999இல் ஜப்பானின் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். இரண்டே ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் கம்மிங்ஸ் குழு பத்துப் பேரை நாள் முழுக்க உட்காரவைத்து அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தது. காலை, மதியம், இரவு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சற்று முன்னால் கிரெலின் ஏறக்குறைய இரண்டு மடங்காக எழும்பியது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. ‘மணி ஒன்றானால் தானாக வயிறு கேட்கும்’ என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பழக்கப் பேச்சு இல்லை.

◆ ஆனால் கிரெலினை அளப்பது பெரும் பாடு. லெப்டின் சாது, சாதாரண சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, சீரம் பிரித்து, குளிரில் வைத்தால் பல நாள் பொறுத்துக்கொள்ளும். கிரெலினின் முதுகில் மட்டும் எட்டுக் கரிம அணுக்கள் கொண்ட ஒரு கொழுப்பு அமிலம் வால்போலத் தொற்றிக்கொண்டிருக்கிறது. அது இருந்தால்தான் பசியைத் தூண்டும். ரத்தம் குழாயில் விழுந்த கணத்திலிருந்தே அங்குள்ள நொதிகள் அந்த வாலை வெட்டத் தொடங்கிவிடும். அதனால் ஊதா மூடி ஈடிடிஏ குழாய், அதற்குள் முன்கூட்டியே நொதித் தடுப்பான், குழாயை உடனே ஐஸில் புதைப்பது, குளிர்ந்த சுழலியில் பிளாஸ்மா பிரிப்பது, பிரித்ததும் அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலப்பது, பிறகு மைனஸ் 80 டிகிரி பெட்டி என்று பெரிய சடங்கே இருக்கிறது.

இப்போது நம்மூர்க் கணக்கைப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் எடுத்த ரத்தம் ராமநாதபுரம் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து மதுரை இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வந்த குழாயில் செயல்படும் கிரெலினை அளந்து யாராவது ஓர் எண் கொடுத்தால், அந்த எண் அந்த மனிதரின் பசியைச் சொல்லாது. பைக் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றது என்பதைத்தான் சொல்லும். ஆய்வுக் கட்டுரைகளில்கூடப் பழைய கிரெலின் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததற்கு இந்தக் குழாய்க் கதை ஒரு காரணம்.

◆ அந்த எட்டுக் கரிம வால் எங்கிருந்து வருகிறது? 2005இல் எலிகளில் சோதித்தபோது, உணவில் கொடுத்த நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு நேராகக் கிரெலினில் போய் ஒட்டியது தெரிந்தது. வாலை ஒட்டும் நொதி 2008இல் பிடிபட்டது. அந்த எட்டுக் கரிம அமிலம் தேங்காய் எண்ணெயில் சுமார் நூற்றுக்கு ஏழு பங்கு இருக்கிறது. தங்கச்சிமடம் தோப்புக் காய் அரைத்த குழம்பு பசியைக் கூட்டும் என்று இதை வைத்து யாரும் நிரூபித்துவிடவில்லை. சமையலறைச் சண்டைக்கு இந்தத் துணுக்கைப் பயன்படுத்த வேண்டாம்.

◆ எதைச் சாப்பிட்டால் கிரெலின் நன்றாக அடங்கும்? 2008இல் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் தனித்தனியே தூக்கலாகக் கலந்த பானங்களைக் கொடுத்து ஆறு மணி நேரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு பானம்தான் குறைவாக அடக்கியது. மாவுச்சத்து பானம் முதலில் மளமளவென இறக்கி, பிறகு ஆரம்பித்த இடத்துக்கும் மேலே ஏற்றிவிட்டது. புரதம் இறக்கி, இறக்கிய இடத்திலேயே பிடித்து வைத்தது. வெறும் கஞ்சி குடித்தவன் பத்தரை மணிக்கே வடைக் கடையைத் தேடுவதும், சாளை மீன் குழம்போடு சாப்பிட்டவன் மதியம் வரை தாங்குவதும் ஏன் என்று ஊகிக்க ஒரு பிடி கிடைக்கிறது. சோதனை பானத்தில் நடந்தது, குழம்பில் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

◆ கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், பெரியபட்டினம் என இந்தக் கரையோரம் முழுக்க ரமலான் மாதத்தில் சாப்பாட்டு நேரமே புரண்டுவிடும். அதிகாலைச் சஹர் உணவுக்குப் பிறகு ஏறக்குறைய பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் தண்ணீர்கூட இல்லை. மாலையில் பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி. பகலில் சாப்பிட்டு இரவில் தூங்குகிறவருக்கு லெப்டின் நடு இரவுக்கும் அதிகாலைக்கும் இடையில் உச்சத்தில் இருக்கும்; நண்பகலை ஒட்டி அடியில். நோன்பு நாட்களில் இந்தக் கடிகாரமும் நகர்கிறது. ஆரோக்கியமான ஆண்கள் சிலரிடம் நாள் முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2005இல் வந்தது. நோன்பு மாதத்தில் லெப்டினின் உச்சம் பல மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. ஆகவே ரமலானில் எடுத்த அளவையும் அடுத்த மாதமான ஷவ்வாலில் எடுத்த அளவையும் நேரம் பார்க்காமல் ஒப்பிட்டால் தப்புக் கணக்குத்தான்.

இதோடு இன்னொன்று. சர்க்கரை பார்க்க விரலில் குத்தினால் நோன்பு முறியும் என்று அஞ்சி, நீரிழிவு உள்ளவர்கள் சோதனையையே விட்டுவிடுவது உண்டு. ரமலான் கால நீரிழிவுக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள், குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று தெளிவாகவே சொல்கின்றன.

◆ ஒன்றரை நாள் முழுப் பட்டினி இருந்தால் உடம்புக் கொழுப்பு அப்படியொன்றும் கரைந்துவிடாது. ஆனால் லெப்டின் பாதிக்கும் கீழே சரிந்துவிடும். கையிருப்பு தீரும் முன்பே அபாய மணி அடிக்கிற ஏற்பாடு இது. பஞ்சத்தில் பிழைத்த இனத்துக்கு இது வரம். டயட் இருப்பவருக்கு வேதனை.

◆ ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும் வழக்கம். இடையில் உள்ள இரவில் தூக்கம் என்பது வலை இழுப்பதற்கு நடுவே கிடைக்கும் குட்டித் தூக்கம்தான். 2004இல் சிகாகோவில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவுகள் தலா நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு அளந்தார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் கூடுதல். அவர்களுக்குப் பிடித்ததெல்லாம் இனிப்பும் மாவுப் பண்டமும். கரை இறங்கியதும் டீக்கடையில் பன்னும் பரோட்டாவும் பறப்பதற்கு உடல் உழைப்பு மட்டும் காரணம் இல்லை போலிருக்கிறது. கடலோடிகளின் ரத்தத்தில் இதை அளந்தால் என்ன தெரியும்? 2022இல் திறந்த ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்களில் யாராவது இதை ஆய்வுக்கு எடுக்கலாம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அதே ஆட்கள் வீட்டில் தூங்குவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான ஏற்பாடு வேறெங்கும் அமையாது.

◆ 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆலியா கிரம் என்பவர் ஒரே மில்க்‌ஷேக்கை ஒரே ஆட்களுக்கு இரண்டு வாரங்களில் கொடுத்தார். ஒரு முறை ‘கொழுப்பு நிறைந்தது, 620 கலோரி’ என்று லேபிள். மறுமுறை ‘உடம்புக்கு நல்லது, 140 கலோரி’. உண்மையில் இரண்டும் 380 கலோரி. ‘விருந்து’ என்று நம்பிக் குடித்தபோது கிரெலின் சட்டென்று இறங்கியது. ‘பத்தியம்’ என்று நம்பியபோது அசையவே இல்லை. மனசு நிறைந்தால் வயிறு நிறையும் என்பதற்குக் குப்பியில் சாட்சி.

◆ ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாயின் காரச்சத்தான கேப்சைசினை மதிய உணவில் கலந்து நெதர்லாந்தில் 2009இல் சோதித்தார்கள். சாப்பிட்ட கால் மணி நேரத்தில் வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஜிஎல்பி-1 ஹார்மோன் கூடியது. ஆனால் ‘வயிறு நிறைந்ததா?’ என்று கேட்டால் காரம் தின்றவர்களும் தின்னாதவர்களும் ஒரே பதில். ரத்தம் ஒன்று சொல்கிறது, ஆள் வேறொன்று சொல்கிறார். எதை எழுதிக்கொள்வது?

◆ அந்த ஜிஎல்பி-1 ஹார்மோன் பற்றிய முதல் துப்பு கிடைத்தது ஒரு மீனில். தலையில் தூண்டில் வைத்திருக்கும் தூண்டில் மீன் வகை. அமெரிக்கக் கரையில் பிடித்தது. 1980களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஜோயல் ஹாபெனர், கே லண்ட் முதலியோர் அதன் கணையத் திசுவிலிருந்து மரபணுவைப் படித்தார்கள். ஏன் மீன்? நமக்குக் கணையத்துக்குள் சிதறிக் கிடக்கும் ஹார்மோன் திட்டுகள் சில மீன்களில் தனி உருண்டையாகவே இருக்கும். நறுக்கி எடுப்பது சுலபம். இதே வசதிக்காக 1922இலேயே மீனிலிருந்து இன்சுலின் பிரித்துப் பார்த்ததும் நடந்திருக்கிறது. இன்று உடல் எடையைக் குறைக்க வாரம் ஒரு முறை போடும் விலை உயர்ந்த ஊசிகளின் மூதாதை அந்த மீன்வழிக் கண்டுபிடிப்பு.

நம் உடம்பில் சுரக்கும் அசல் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். அதை அளக்கவும் குழாய்க்குள் தனித் தடுப்பான் வேண்டும். ஊசி மருந்தை வாரக் கணக்கில் தாங்கும்படி மாற்றி அமைத்திருப்பதுதான் மருந்தாளர்களின் கைவண்ணம்.

◆ மன்னார் வளைகுடாவில் கூம்பு வடிவச் சங்கு வகைகள் பல உண்டு. அழகுக்காகக் கையில் எடுத்துவிடாதீர்கள், சில கொடிய விஷம் கொண்டவை. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சங்கு, மீனின் இன்சுலினைப் போலவே ஓர் இன்சுலினைத் தண்ணீரில் கக்கி, இரையின் சர்க்கரையைத் தடாலடியாக இறக்கி மயக்கிப் பிடிக்கிறது என்று 2015இல் தெரிந்தது. ஹார்மோனை ஆயுதமாக்கிய விலங்கு.

◆ எடையைக் குறைத்த பிறகு அது ஏன் திரும்ப ஏறுகிறது? மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பிரியா சுமித்ரன் குழு 2011இல் இதற்கு ரத்தத்தில் விடை தேடியது. பத்து வாரக் கடும் பத்தியத்தில் எடை இறங்கியவர்களை ஓராண்டு கழித்து மறுபடி சோதித்தார்கள். அப்போதும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது, கிரெலின் உயர்ந்தே இருந்தது, பசியும் கூடுதலாகவே இருந்தது. ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று ஏசுகிறவர்கள் இந்த அளவுகளைக் கொஞ்சம் பார்க்கலாம்.

◆ இந்தியக் குழந்தை பிறக்கும்போதே ‘ஒல்லிக் குண்டு’. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சி.எஸ். யாஜ்னிக் குழு 2002இல் புனேயில் பிறந்த குழந்தைகளையும் லண்டனில் பிறந்த வெள்ளைக்காரக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. நம் குழந்தை சராசரி 2.8 கிலோ, அங்கே 3.5 கிலோ. தொப்புள்கொடி ரத்தத்தில் லெப்டினை அளந்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு! கிட்டத்தட்ட முக்கால் கிலோ சின்னதாக இருந்தும் கொழுப்பில் நம் பிள்ளை பின்தங்கவில்லை என்று அர்த்தம். தராசு சொல்லாததை ரத்தம் சொன்னது.

இதே யாஜ்னிக் 2004இல் லண்டன் நண்பர் ஜான் யட்கினோடு சேர்ந்து எடுத்த படம் ஒன்று மருத்துவ உலகில் பிரபலம். இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றே: 22.3. உடம்புக் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் கணக்கு நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது; ‘நான் ஒல்லிதானே’ என்று சோதிக்காமல் இருப்பவர்கள் இந்தப் படத்தை ஒரு முறை பார்ப்பது நல்லது.

◆ பிராடர்-வில்லி என்றொரு பிறவிக் குறைபாடு. குழந்தைக்குச் சில வயதில் தொடங்கும் அடங்காப் பசி. பெற்றோர் அலமாரிக்குப் பூட்டுப் போட வேண்டியிருக்கும். 2002இல் அளந்தபோது இவர்களுக்குக் கிரெலின் பல மடங்கு கூடுதலாக இருந்தது. ஆகா, குற்றவாளி சிக்கினான் என்று மருந்து கொடுத்துக் கிரெலினைக் குறைத்தார்கள். எண் இறங்கியது. பசி இறங்கவில்லை.

◆ இதற்கு நேர்மாறான கதை 2015இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. மூன்று வயதுகூட ஆகாத ஒரு பையன். 33 கிலோவுக்கு மேல் எடை, ஓயாத பசி. கேம்பிரிட்ஜ் குழந்தைகளைப் போலவே இருக்கிறானே என்று லெப்டினைச் சோதித்தால் நிறையவே இருந்தது! ஆகவே லெப்டின் குறை இல்லை என்று கோப்பை மூடியிருக்க வேண்டியது. டாக்டர்கள் விடாமல் மரபணுவைப் பார்த்தார்கள். அவன் உடம்பு செய்கிற லெப்டினில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. எதிர்ப்புரதத்துக்கு அது லெப்டினாகத் தெரிந்தது; மூளைக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து லெப்டின் கொடுத்ததும் பசி அடங்கி எடை இறங்கியது. அதன் பிறகுதான், லெப்டின் எவ்வளவு இருக்கிறது என்பதோடு வேலை செய்கிறதா என்றும் பார்க்கும் சோதனை வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

◆ சரி, நாம் லெப்டின் டெஸ்ட் எடுக்கலாமா? சில லேப்களின் ‘முழு உடல்’ பட்டியல்களில் இது எட்டிப் பார்க்கிறது. சாதாரணத் தொப்பைக்கு இதைச் சோதித்துப் பயன் இல்லை; கொழுப்பு இருக்கிறது, ஆகவே லெப்டின் இருக்கிறது என்றுதான் ரிப்போர்ட் வரும். அதைக் கண்ணாடியே இலவசமாகச் சொல்லும். அந்தப் பணத்துக்குச் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு, தைராய்டு பார்க்கலாம். கிரெலினோ ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இன்னும் பயன்படும் நிலைக்கே வரவில்லை.

விதிவிலக்கு குழந்தைகள். ஐந்து வயதுக்குள் எடை கட்டுக்கடங்காமல் ஏறுகிறது, தூக்கத்தில் எழுந்துகூடச் சோறு கேட்கிறது, தாய் தந்தையர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் ‘கொழுகொழுன்னு இருக்கான், திருஷ்டி பட்டுடும்’ என்று விட்டுவிடாமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே லெப்டின் சோதனைக்கும் அதைத் தொடர்ந்த மரபணுச் சோதனைக்கும் பொருள் உண்டு. காலையில் வெறும் வயிற்றில், சாதாரணக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் போதும். ஐஸ் பெட்டிக்குக்கூட அவசரம் இல்லை.